மரத்தடிப் பெண்ணின் படம்

ஆடி 12, திங்கள்

நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டில் வாங்கிய பழைய படம். குளக்கரை மரத்தடியில் ஒரு பெண் நிற்கிறாள். வரைந்தவர் பெயர் இல்லை. சென்னை ஹோட்டல்காரர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டேன்.

இன்று அந்த வீட்டு ஆச்சி என் பழம்பொருள் கடைக்கு வந்தார். படத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே தவறிப்போன எங்க வீட்டுப் பொண்ணு தம்பி. வருசாவருசம் சேலை வச்சுப் படைக்கிறோம். எம் மகன் தெரியாம வித்துப்புட்டான்."

"வாக்குக் குடுத்துட்டேனே ஆச்சி" என்று முந்திக்கொண்டேன்.

"நான் திருப்பிக் கேக்கலையே. வாங்குறவுக வருசத்துக்கு ஒரு சேலை வச்சுக் கும்பிடுவாகளா? அதைக் கேட்டுச் சொல்லுங்க."

சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். வெளியே போய் ஹோட்டல்காரருக்குப் போன் போட்டு ஆச்சி கேட்டதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சூப்பர் கதைங்க! எழுதி அனுப்புங்க, படத்தோட சேர்த்து பார்ல மாட்டிடறேன்."

படம் மது பாருக்கு என்று இதுவரை அவர் சொன்னதில்லை.

உள்ளே வந்து ஆச்சியிடம், "கும்பிடுவாகளாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு புதுச் சேலையை எடுத்து நீட்டினார்.

"அப்ப இந்த வருசத்துச் சேலையையும் சேத்து அனுப்பிவிடுங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். விடிந்தால் வண்டி வந்துவிடும். படத்தைக் கட்டியாகிவிட்டது. சேலையை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.