செகசை கானின் திருமேனி

அன்புள்ள நைனாவுக்கு, உங்கள் மகள் மங்கை கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் கால் புண் ஆறிவிட்டதா? போனில் கேட்டால், "எனக்கு இன்னாம்மா, நல்லாத்தான் இருக்குறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் ஊருக்கு வரும் கலைவாணி அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே சீனாவில் எங்கள் கிடங்குக்கு நம்மூர்ப் பக்கத்துக் கருங்கல் கப்பலில் வருகிறது. அறுப்பதற்குமுன் விரிசல் பார்ப்பதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் போனால் அங்கேயும் ஒரு கல். அதில் தமிழ் எழுத்து, நைனா! எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் சிவனை வைத்த நம்மவர் ஒருவர் வெட்டியது. அப்போது சீனாவை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான். பாதி உலகம் அவருக்கு நடுங்கியது. நம்மவரோ அவர் பட்டப்பெயரைத் தமிழ் வாய்க்கு வளைத்துச் 'செகசை கான்' ஆக்கி, 'திருமேனி நன்றாக' என்று வேண்டியிருக்கிறார். அவ்வளவு பெரிய ராஜாவுக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தேன். காவலர் அதட்டினார். பிறகு அவரே கைப்பேசியை நீட்டி, இன்னொரு தடவை படிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்.

அக்கா திரும்பும்போது வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்புங்கள்; இங்கே கிடைக்கும் வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை. புண்ணுக்குப் போட்ட கட்டைப் பிரித்துவிட்டுப் பாதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அக்காவுக்கு வண்டி வந்துவிட்டது.

ஒன்று சொல்லவில்லை. இரண்டாம் தடவை கான் பெயரை விட்டுவிட்டு, 'அரிகிருஷ்ணன் திருமேனி நன்றாக' என்று படித்தேன். அந்தக் காவலர் கைப்பேசியில் இருப்பது உங்கள் பெயர்தான்.

உங்கள் மங்கை