குதிரைச் சந்தை வயல்

ஸ்கெல்பி கிராமம்,
லிங்கன்ஷயர்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டேரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே? நேற்று நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தக் கேரத் நாய உயிரோட விடமாட்டேன், வெள்ளிக்கிழமை ரயில் ஏறுறேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், கிழித்துக்கொள், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. ரயில் ஏறுவதற்கு முன்னால் இது அபர்தீன் வந்து சேர வேண்டும் என்று நாளைக் காலையிலேயே தபாலில் போடப் போகிறேன்.

முதலில் அப்பாவின் கை. ஆபரேஷன் முடிந்துவிட்டது. வலது கையில் மூன்று விரலும் உள்ளங்கை எலும்பும் நொறுங்கியிருந்தன. தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இனிமேல் கோப்பை பிடிக்கலாம், சட்டைப் பொத்தான் போடுவதுதான் கஷ்டம் என்று டாக்டர் பெண் சொன்னாள். "பரவால்லம்மா, பொத்தான் போட எனக்கு ஆள் இருக்கு" என்று அவர் என்னைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கையால் மண்ணுக்குள் பழங்காசு தேடும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி வயலில் நடக்க முடியுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேரத்தான் அடித்தான். அதில் சந்தேகமே இல்லை. ஏன் அடித்தான் என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? அப்பா உன்னிடம், "அவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, விடுடா" என்று முடித்துக்கொண்டார். நான் அப்படி முடிக்கப் போவதில்லை.

போன குளிர்காலம் முழுக்க அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று உனக்குத் தெரியும். விக்டோரியா ராணி காலத்தில் தேவாலய வரிக்காக வரைந்த நம் ஊர் வரைபடத்தின் நகலை லிங்கன் ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கிவந்தார். அதில் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு எண். எந்த எண்ணுக்கு என்ன பெயர், யார் சொந்தக்காரர் என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல். கேரத்தின் அப்பா ஆல்வின் பார்லி போடுகிறாரே, ஓடைக்கு இந்தப் பக்கம், இன்றைக்குப் பெயரே இல்லாத வயல், அதற்கு அந்தக் காலத்தில் எண் 212. பெயர் குதிரைச் சந்தை வயல். அந்தப் பெயரைப் படித்த அன்றைக்கு உன் அப்பா சோறு தண்ணி மறந்தார்.

என் சமையலறை ஜன்னல் திரையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடியில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். தேவாலயத்திலிருந்து ஓடையைக் கடக்கும் இடத்துக்கு ஒரு பாதை போயிருக்கிறது. இப்போது அதை உழுது ஒன்றுமில்லாமல் செய்துவிட்டார்கள். அதைப் பென்சிலால் புதுப் படத்தில் இழுத்தார். "சந்தைக்கு வந்தவன் குடிச்சிருப்பான். குடிச்சவன் காசத் தொலைச்சிருப்பான். தள்ளாடிக்கிட்டே அவன் வீட்டுக்குப் போன வழி இதுதான்" என்பது அவர் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரி மாதக்கணக்கில் என் சமையலறையை வேடிக்கை பார்த்தாள். நானும் திட்டித் திட்டி ஓய்ந்தேன்.

ஆல்வின் அனுமதி கொடுத்தார். எழுத்து ஒன்றும் இல்லை, கை குலுக்கியதோடு சரி. கிடைப்பதில் பாதி அவருக்கு, தோண்டிய குழியை மூட வேண்டும், கேட்டைச் சாத்த வேண்டும், எந்த வயல் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. அறுவடை முடிந்த முதல் சனிக்கிழமை அப்பா அந்தப் பென்சில் கோட்டின் மேல் நடந்தார். கோடு தப்பவில்லை. சேற்றுக் காலோடு வீட்டுக்குள் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார், இந்த வயசில்! நகத்தளவுதான் இருக்கும் ஒவ்வொன்றும். ராஜா தலை போட்ட வெள்ளிக் காசுகள். சில்லறைக்காக நாலாக வெட்டின துண்டு ஒன்று. அவற்றை வரைபடத்தின் மேல் பரப்பிவைத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பினார். உனக்கு மட்டும்.

இந்த டிடெக்டர் ஆட்கள் அவர்கள் இணையக் குழுவில் படம் போடுகிறபோது எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று நீ சின்ன வயசிலிருந்து பார்த்தவன். கோபுர முனை தெரியக் கூடாது, மின்கம்பம் தெரியக் கூடாது, மரவரிசை தெரியக் கூடாது. ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், பழைய வரைபடம் வைத்திருக்கிறவன் வீட்டில் உட்கார்ந்தபடியே வயலைக் கண்டுபிடித்துவிடுவான். அப்பா எடுத்த படத்தில் வானம், மரம், கோபுரம் எதுவும் இல்லை. காசுக்குப் பக்கத்தில் 212 என்ற எண் இருந்தது. மேல் ஓரத்தில் ஊர்ப் பெயர் இருந்தது. மகன் பார்க்கத்தானே என்று மறைக்காமல் விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை அப்பா டிடெக்டரோடு கேட்டுக்கு வந்தபோது வேலியை உடைத்துக்கொண்டு ஒரு வேன் வயலுக்குள் நின்றிருக்கிறது. நமக்குத் தெரியாத மூன்று பேர். கண்ட இடமெல்லாம் குழி. ஆல்வின் கைத்தடியோடும் நாயோடும் அவர்களிடம் போய், "என் நெலத்த விட்டு இறங்குங்கடா திருட்டுப் பயலுகளா" என்று கத்தியிருக்கிறார். "போய் டீயக் குடி கெழவா" என்று சிரித்திருக்கிறான் ஒருத்தன். ஆல்வின் தடியை ஓங்கி அவன் டிடெக்டரை இரண்டாக உடைத்தார். அவர் குணம் தெரியுமே உனக்கு, எழுபது தாண்டியும் அடங்காத மனுஷன்.

அவன் மண்வெட்டியைத் திருப்பி அவர் முகத்தில் வீசினான். தாடை பிளந்துவிட்டது. விழுந்தவரை விட்டார்களா? மண்டையில் இன்னொரு போடு. நாய் பாய்ந்து ஒருத்தன் தொடையைக் கவ்வியது, அதை அது சாகும்வரை வெட்டினார்கள். அப்பா கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார். அவருக்கும் வயிற்றில் ஒரு உதை. வேன் போன பிறகு தன் கோட்டைக் கழற்றி ஆல்வினின் தலையைச் சுற்றிக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவர் கையை விலக்க வேண்டியிருந்ததாம். ரத்தம் ஊறிய அவர் சட்டையை நான் துவைக்கவில்லை, எரித்துவிட்டேன்.

வேன் எண்ணை அப்பா மனசில் வைத்திருந்தார். இரண்டு பேர் மாட்டினார்கள். ஒருத்தன் போனில் அந்தப் படம் இருந்தது. போலீஸ்காரர் அதைக் கேரத்திடம் காட்டி, இந்த வரைபடம் யாருடையது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். ஓரத்தில் அப்பாவின் கோணல் கையெழுத்து. தெரியாமல் இருக்குமா?

நேராக நம் வீட்டுக்கு வந்தான். நான் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். கதவைத் தட்டவில்லை, உதைத்தான். வேலி ஆணி அடிக்கிற சுத்தியல் கையில். "எங்கப்பன் வயல யாருக்குடா வித்த?" என்றான். நம் வீட்டில் உன்னோடு உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளை, உன் அப்பாவை 'டா' போட்டுப் பேசினான். அப்பா எழுந்திருக்கக்கூட இல்லை. "விக்கலப்பா. நான்தான் படத்தப் போட்டேன். பெருமைக்குப் போட்டேன், தப்புதான்" என்றார். "எந்தக் கையால போட்ட?" என்று கேட்டான் கேரத். அப்பா வலது கையை மேசைமேல் வைத்தார். டேரன், அவராகவே வைத்தார். நான் பார்த்தேன்.

முதல் அடி விழுந்த சத்தத்தில் எனக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. "ஆன்ட்டி, நீங்க தள்ளிப் போங்க" என்றான். இரண்டாவது அடியும் அடித்தான். மூன்றாவதுக்குக் கையை ஓங்கியபோது கொதிக்கிற கெட்டிலை எடுத்து அவன் கழுத்தில் ஊற்றிவிட்டேன். அவன் அலறிக்கொண்டு ஓடினான், தோல் உரிந்து தொங்கியது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்திருந்தால் முகத்திலும் ஊற்றியிருப்பேன். அப்போது எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஆஸ்பத்திரியில் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? டிராக்டர் கொக்கியில் கை மாட்டிக்கொண்டதாம். "என்ன மனுஷன்யா நீ, அவன்மேல புகார் குடு" என்று கத்தினேன். எனக்கு ஒன்று உறுத்தியது. காசு கிடைத்தால் என்னிடம் காட்டவே மூன்று தடவை யோசிக்கிற ஆள், ஊர் உலகத்துக்கு ஏன் காட்டினார்?

வீட்டுக்கு வந்து அவர் போனில் அந்தக் குழுவைத் தேடினேன். படம் இருந்தது. அதன் மேலே, "எங்கப்பன் மூளைக்கு முன்னாடி எவன் நிப்பான்?" என்று எழுதியிருந்தது. போட்டவனுக்குப் பெயர் இல்லை, பெயருக்குப் பதில் ஒரு நீலப் படகு. உன் படகுக்கு வர்ணம் அடித்த அன்று அதே படகுப் படத்தை நீ எனக்கும் அனுப்பியிருந்தாய்.

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவிடம் போனை நீட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "பெருமையாத்தான போட்டான்? அப்பனப் பத்தின பெருமை. அதுக்காக அவனப் புடிச்சுக் குடுக்கச் சொல்றியா?" என்றார். பிறகு, "தெரிஞ்சா கேரத் அபர்தீன் போவான். நம்ம பையனும் சும்மா நிக்கமாட்டான். ரெண்டுல ஒண்ணு விழும். என் கையோட போகட்டும். அவன்கிட்ட நீ சொல்லக் கூடாது" என்றார். நான் சரி என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் படகைப் பார்த்த நிமிஷம் உன்னை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. உன்னைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. நீ மண்வெட்டியைத் தூக்கவில்லை, தெரியும். அந்த மூன்று பேர் செய்ததற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கேரத்தை அடிக்க உனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவன் உனக்கு விழ வேண்டிய அடியைத் தெரியாமல் உன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டான். இதைத் தெரிந்துகொண்டும் நீ அவன்மேல் கை வைத்தால், என் முகத்தில் விழிக்காதே.

ஆல்வின் இன்னும் கண் திறக்கவில்லை. கழுத்தில் கட்டோடு கேரத் அவர் படுக்கைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் போகும்போது தலையைக் குனிந்துகொள்கிறான். நானும் குனிந்துகொள்கிறேன்.

திங்கள் காலை

உறையை ஒட்டியிருந்தேன், பிரித்து எழுதுகிறேன். விடிகிறபோது ஆல்வின் போய்விட்டார். நர்ஸ் போன் செய்தாள். அப்பாவிடம் நான்தான் சொன்னேன். கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார்.

இனிமேல் இது கொலை வழக்கு. கோர்ட்டில் அந்தப் படத்தைக் காட்டி, யார் போட்டது என்று கேட்பார்கள். அப்பா சத்தியம் செய்துவிட்டு, நான்தான் என்பார். ஊரில் தலை நிமிராமல் சாகிற வரைக்கும் அதையே சொல்வார். கேரத்தும் அதையே நம்பிக்கொண்டிருப்பான். உன்னைக் காட்டிக்கொடுக்க என்னால் முடியாது. அப்பா ஊருக்குச் சொல்லும் பொய்யை உடைக்கவும் என்னால் முடியாது. அது உன்னால் மட்டும்தான் முடியும்.

அதனால் வெள்ளிக்கிழமை ரயிலில் வர வேண்டாம் என்று சொல்ல உட்கார்ந்தவள், இப்போது வா என்கிறேன். அதே ரயிலில் வா. சாப்பிட்டுவிட்டு ஏறு, வெறும் வயிற்றில் வராதே. நான் ஸ்டேஷனில் நிற்பேன். நம் வீட்டுக்கு அப்புறம் போகலாம், முதலில் ஆல்வின் வீடு. கேட் வரைக்கும் நானும் வருவேன். உள்ளே நீ மட்டும் போ. கேரத்திடம் உண்மையைச் சொல். அவன் என்ன செய்தாலும் உன் கை கோட்டுப் பையிலேயே இருக்கட்டும்.

நான் குறுக்கே வர மாட்டேன், கண்ணு. கடவுள் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உன்
அம்மா