கிழக்கு மேலே இருக்கும் ஏரி

த்ரெமெட்சோ, ஜூன் 22, 1977

அன்பு மகள் நீவெஸுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் வேண்டுமானால் சொல், ஆனால் செலெஸ்தீனா அத்தையின் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது, அவள் மெல்போர்னில் உன் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் அவள் நாக்கு இன்னும் நம் படகுத்துறையில்தான் இருக்கிறது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீங்கள் இருவரும் அங்கே குளிரில் இருமாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் வலிக்கிறது. வில்லாத் தோட்டத்தில் அசேலியா பூத்து ஓய்ந்துவிட்டது, அப்பா காய்ந்த பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து விரல் ஒட்டுகிறது என்று என்னிடம் சண்டை போடுகிறார். சுற்றுலாக்காரர்கள் இந்த வருடம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள், போன ஞாயிறு ஒரு ஜெர்மன்காரர் வாசலில் கொடுக்கும் மெத்துச் செருப்பை மாட்டாமல் பெரிய கூடத்து மரத்தரையில் நடந்துவிட, நான் முட்டி போட்டு ஒரு மணி நேரம் மெழுகு தேய்த்தேன்.

நீ போன கடிதத்தில் இங்கிலீஷ் வகுப்பை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய், சின்னப் பிள்ளைகள் நடுவில் வாய் திறக்க வெட்கமாக இருக்கிறது என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதனால்தான் எவரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். உன் அம்மா போன அக்டோபர் முதல் பள்ளிக்கூடம் போகிறாள். சிரிக்காதே. மெனாஜ்ஜோவில் வேலை பார்க்கிறவர்களுக்கென்று சாயங்கால வகுப்பு வைத்திருக்கிறார்கள், எட்டாம் வகுப்புச் சான்றிதழ் தருகிறார்கள். நான் ஐந்தாவதோடு நின்று பட்டு ஆலைக்குப் போனவள் என்று உனக்குத் தெரியும். செப்டம்பரில் நிர்வாகி வந்து, வில்லாவைச் சுற்றிக் காட்டும் கிழவர் அடுத்த கோடையில் ஓய்வு பெறுகிறார், இனிமேல் அந்த வேலைக்கு எட்டாவது தேறியவர்தான் வேண்டும் என்று சொன்னார். உன் அப்பா மூச்சு விடுவதற்குள், "எங்க அண்ணன் மகன் தூல்லியோ இருக்கானே, அவன் படிச்சவன்" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்திலேயே விரிப்பு மடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் எந்தத் திரை எந்த வெயிலுக்கு வெளுக்கும், எந்தக் கதவு எந்த மாதம் உப்பும் என்று தெரிந்தவள் நான், தூல்லியோவுக்குக் கூடத்தில் விளக்கு எங்கே போடுவது என்று தெரியாது. இருவருமே என் பக்கம் திரும்பவில்லை.

சரி, அதற்காகப் பொய் சொன்னது தப்புதான். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் கோயில் பீடத்துக்குப் பெண்கள் சேர்ந்து துணி தைக்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் கோயில் பக்கம் போகிறவர் இல்லை என்பதால். அத்தைக்குத் தெரியக் கூடாது என்று நான் கதறுவது இதற்குத்தான், சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் என்னைச் சாகும் வரை விட மாட்டாள். ஈஸ்டர் முடிந்தபோது அப்பா கேட்டார், "ஏன்டி எர்சிலியா, நீங்க பீடத்துக்குத் துணி தைக்கறீங்களா, இல்ல ஏரி முழுக்கப் போர்த்தறதுக்குத் தைக்கறீங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புத்தகங்களை இஸ்திரி அறையில் தலையணை உறைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். பின்னங்கள் கொன்றுவிட்டன, வரலாறு பரவாயில்லை, கட்டுரை எழுதுவது மட்டும் எனக்கே ஆச்சரியமாகப் பிடித்துப்போனது. பக்கத்து பெஞ்சில் உட்காரும் காவுதென்சியோ, படகில் கயிறு வீசுகிறவன், என் மார்க்கைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க தள்ளி உக்காருங்க, உங்க அறிவு என் மேல ஒட்டிடப் போவுது" என்பான்.

போன செவ்வாய் வாய்மொழித் தேர்வு. பயம் என்றால் அப்படி ஒரு பயம், உன்னைப் பெற்றபோதுகூட நான் அப்படி நடுங்கவில்லை. கழிவறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நின்றேன், டீச்சர் வந்து கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மிலானிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். கரும்பலகையில் நம் ஏரியை வரைந்து ஊர்களைக் குறிக்கச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. சாக்பீஸ் எடுத்து மளமளவென்று வரைந்தேன், நடுவில் நேர் எதிரே பெல்லாஜ்ஜோ, இடப்பக்கம் மெனாஜ்ஜோ, இன்னும் இடப்பக்கம் போனால் லென்யோனே மலை, வலப்பக்கம் கடைசியில் கோமோ. அவர் எழுந்தே நின்றுவிட்டார். "என்னம்மா இது? மெனாஜ்ஜோ த்ரெமெட்சோவுக்கு வடக்கே இல்லையா? கோமோ தெற்கே இருக்கு. ஏரியைப் படுக்கப் போட்டிருக்கீங்களே!" பின்னால் ஒருவர் சிரிப்பது கேட்டது. என் காது சூடாகிவிட்டது. அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது, வில்லாவின் மாடி ஜன்னலில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டே பார்ப்பது போல வரைந்திருக்கிறேன், எதிரே தெரியும் கிழக்குக் கரை மேலே இருக்கிறது. வரைபடத்தில் வடக்குதான் மேலே வரும் என்று டீச்சர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அழித்துவிடலாம் என்று துணியை எடுத்தேன், நீவெஸ், எடுத்துவிட்டேன். பிறகு என்ன வந்ததோ தெரியவில்லை, துணியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, தப்பா ஒண்ணும் போடலை, நான் வேலை பாக்கற வில்லா ஜன்னல்லேர்ந்து போட்டிருக்கேன். நீங்க தலையை மட்டும் இடப்பக்கமாச் சாய்ச்சுப் பாருங்க, வடக்கு மேலே வந்துடும்" என்றேன்.

மூன்று பேரும் சாய்த்தார்கள்! பேராசிரியரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. அவர் சாய்ந்த தலையை நிமிர்த்தாமலே, "அட, சரியாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு என் வாயை யாரும் அடைக்க முடியவில்லை. காலையில் வடக்கிலிருந்து திவானோ காற்று இறங்கும், மதியம் தெற்கிலிருந்து பிரேவா காற்று ஏறும், பிரேவா வருவதற்குள் கூடத்து ஜன்னலைச் சாத்தாவிட்டால் திரையெல்லாம் சுருண்டுபோகும் என்றேன். இந்தக் கரையில் வீடுகளுக்கு முகம் ஏரியைப் பார்த்துத்தான், அந்தக் காலத்து விருந்தாளிகள் எல்லாம் படகில் வந்து இறங்கியவர்கள், தெருப்பக்கம் விறகும் முட்டைக்கோசும் வரும் வழி, இன்றைக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் வில்லாவின் முதுகைப் பார்த்துவிட்டு அழகு என்கிறார்கள் என்றேன். இருபது நிமிடம் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். கடைசியில் பேராசிரியர், "அந்த வீட்டை யாரும்மா சுத்திக் காட்டறாங்க? நான் வந்து பாக்கணும்" என்று கேட்டார். நான், "இனிமே நான்தான்" என்றேன். எப்படி வந்தது அந்தத் தைரியம், இன்னும் எனக்குப் புரியவில்லை.

நேற்று பெயர்களை ஒட்டினார்கள், தேறிவிட்டேன், அதுவும் நல்ல மார்க்கோடு, என் பேருக்கு மேலே இரண்டே பேர். இன்று காலை தேறிய காகிதத்தை நிர்வாகியிடம் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். "எர்சிலியா, நீயா?" என்றார். "வேற எர்சிலியா இந்த வீட்ல இல்லீங்க" என்றேன். மேஜை இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை என் கையில் வைத்தார், ஏரிப்பக்கத்துப் பெரிய வாசல் சாவி உட்பட. நான் அந்த வாசலின் பித்தளையைத் தேய்த்திருக்கிறேனே தவிர ஒரு நாளும் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் நான்தான் திறக்கப் போகிறேன், விருந்தாளிகளை ஏரிப்பக்கமாகத்தான் உள்ளே கூட்டி வருவேன் என்றும் சொல்லிவிட்டேன், சரி என்றார்.

உன் அப்பாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. தூல்லியோ இந்த வேலைக்கென்று புதுக் கோட்டு தைத்துக்கொண்டுவிட்டான். அண்ணனிடம் எந்த முகத்தோடு பேசுவது என்று அப்பா கத்துவார், அதுகூடப் பரவாயில்லை, எட்டு மாதம் ஏமாற்றினாயே என்று கத்தாமல் இருந்துவிட்டால்தான் தாங்க மாட்டேன். அதனால்தான் அவர் தூங்கட்டும் என்று இஸ்திரி அறையில் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு விதமாக யோசித்துவிட்டேன், எதுவும் நன்றாக இல்லை.

நீ திங்கட்கிழமை வகுப்புக்குப் போ. முதல் பெஞ்சில் உட்காராதே, சாக்பீஸ் தூள் இருமலைக் கிளப்பும், இரண்டாவதில் உட்கார். தப்பாகச் சொன்னால் சொல்லிவிட்டுப் போ. கம்பளிக் காலுறையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே, போட்டுக்கொள். கடவுள் உங்கள் இருவரையும் நோய் நொடியில்லாமல் காக்கட்டும், அடுத்த வருடத்துக்குள் ஒரு பேரப்பிள்ளையை

கதவைத் தட்டுகிறார். உன் அப்பாதான், "எர்சிலியா, உள்ளே யார்கிட்டப் பேசிட்டிருக்கே?" என்கிறார். சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன் போல. சாவிக்கொத்தைத் தலையணை உறைக்கு அடியில் தள்ளக் கை போனது. தள்ளவில்லை. கதவைத் திறக்கப் போகிறேன்.