மணிக்குதிரை நின்ற இடங்கள்

கோபித்துக்கொண்டு கெண்டல் ஊரில் தன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு,

நீங்கள் போனபின் பொதிக்குதிரைகளை நானே சந்தைக்கு ஓட்டுகிறேன். கழுத்தில் மணி கட்டிய நம் கிழட்டுப் பெட்டைதான் முன்னால் நடந்து மற்றவற்றைக் கூட்டிப்போகிறது.

நீங்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்த பீர்க்கடை வாசலில் எல்லாம் அது தானாக நின்றது.

"ஆளக் காணோம், குதிரை மட்டும் தவறாம வந்துடுச்சே!" என்று கடைக்காரி மார்ஜரி சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றது. இழுத்துப் பார்த்தேன், திட்டினேன், அசையவில்லை.

"விடும்மா," என்றார் குழிவெட்டுபவர். "உன் புருஷன் உள்ள போய் அழுதுட்டு வர்ற வரைக்கும் அது இங்கதான் நிக்கும். எப்பவும் அப்படித்தான்."

உள்ளே போனேன். நம் மகளின் கல்லறை மேட்டில் ஒரு களைகூட இல்லை. அவள் விளையாடிய பழைய லாடம் தலைமாட்டில் பதித்திருந்தது.

அவளுக்காக நீங்கள் அழவே இல்லை என்று சண்டை போட்ட அன்று உங்களை நான் சொன்ன வார்த்தையை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை.

அடுத்த வாரம் கெண்டலுக்குக் கம்பளி ஏற்றுகிறேன். உங்கள் அண்ணன் வீட்டு வாசலில் மணிச்சத்தம் நின்றால் வெளியே வாருங்கள். குதிரை தானாக நின்றுவிட்டது என்றுதான் சொல்வேன். நம்பிக்கொள்ளுங்கள்.

இன்னும் உங்கள்
வீட்டுக்காரிதான்