அந்தப் பக்கத்து மலை

கண்ணை மூடிக்கொண்டே மலையை வரைவேன் என்று சவால் விட்ட என் மல்லிகா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. நீங்கள் போன பிறகு ஒரு கார்த்திகை தீபம் வந்து போய்விட்டது. கூட்டத்துக்குப் பயந்து, மலை உச்சியில் தீபம் ஏற்றுவதை வழக்கம்போல மொட்டை மாடியிலிருந்தே பார்த்தேன். பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏம்மா ரேவதி, பொகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தியா?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

நம் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை அக்கா. போன கூட்டத்தில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் பழைய கதையைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊர் மாவட்டத் தலைநகரான புதிதில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு டிராயிங் டீச்சர்தான். ஸ்டாஃப் ரூமில் நம் பாடத்தைப் பற்றிப் பேச நமக்கு ஆளே கிடையாது. கணக்கு டீச்சருக்குப் பீரியடு வேண்டுமென்றால் நேராக நம்மிடம்தான் வருவார். "இப்படித் தனித்தனியா பொலம்பறதுக்கு, ஒண்ணா உக்காந்து பொலம்பலாம் வாங்க" என்று சுற்றுவட்டாரத்து ஓவிய ஆசிரியர்களையெல்லாம் உங்கள் பள்ளியின் டிராயிங் ஹாலுக்குக் கூப்பிட்டீர்கள். புலம்பல் இரண்டு மாதத்திலேயே அலுத்துப்போனது. மூன்றாம் மாதம் ஆளுக்கொரு கட்டு படம் கொண்டு வரச் சொன்னீர்கள்.

அதுதான் நம் வழக்கமாகிவிட்டது. என் பிள்ளைகளின் படங்களை வேறொரு பள்ளி ஆசிரியர் பார்ப்பார். அவர் பிள்ளைகளின் படங்களை நான் பார்ப்பேன். படத்தின் பின்பக்கம் ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் என் பிள்ளைகள் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள். கையில் வாங்கியதும் தாளைத் திருப்புவார்கள். முகம் தெரியாத ஏதோ ஓர் ஊர் டீச்சர், "இந்தச் சேவல் இப்போது கூவப்போகிறது" என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவாது. சொந்த டீச்சர் பாராட்டினால்கூட அத்தனை சந்தோஷம் இருக்காது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

ஒரு வருடம் 'எங்கள் மலை' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டி வைத்தோம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைப் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்புச் செல்வியின் படம் வந்தது. மலை ஒற்றையாக இல்லாமல், முகடு முகடாகப் பிரிந்து, நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. நீங்கள் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தீர்கள். "இது எந்த ஊரு மலை?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பின்பக்கம் சிவப்பு மையில் உங்கள் வரி விழுந்தது: 'மலையைப் பார்த்து வரையவும்.'

அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த குமரேசன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில்தான் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"மேடம், அந்தப் பொண்ணு டிராயிங் நோட்ட எடுக்கவே மாட்டேங்குது. 'பாத்துதான சார் வரைஞ்சேன், அப்ப என் கண்ணுதான் கோளாறா'ன்னு கேக்குது. அவங்க அப்பா நெலத்து வேலைய வுட்டுட்டு டவுனுக்கு இட்டாந்து கண்ணு டெஸ்ட் பண்ணிக்கினு போயிருக்காரு. கண்ணு நல்லா இருக்குதுன்னுட்டாங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் நம்பிக்கை வரல."

நீங்கள் விடுவீர்களா? "நான் பொறந்ததுல இருந்து அந்த மலைய பாக்கறேன்பா. மாசாமாசம் பௌர்ணமிக்கு சுத்தறேன். எனக்குத் தெரியாதா?"

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "ராத்திரிலதான மேடம் சுத்துவீங்க?"

கோபுரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். உங்களுக்கு மலை என்றால் கோபுரத்துக்குப் பின்னால் நிற்கிற மலை. சுற்றுகிற ராத்திரியில் முன்னால் போகிறவர் முதுகும், கீழே குத்துகிற கல்லும்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வரைகிற கைக்கு இந்த ஒரு ஆபத்து உண்டு அக்கா. வேறு யாருக்கும் இந்தத் தவறு வராது, நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வரும்.

நீங்கள் குடையை எடுத்தீர்கள். "கெளம்புங்க எல்லாரும்."

டவுன் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் நான். ஜன்னல் வழியாக மலை திரும்பிக்கொண்டே வந்தது. செல்வியின் வீட்டுக்குப் பின்னால் மணிலாக் கொல்லை. கடலைச் செடிகளுக்கு நடுவே வரப்பில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தீர்கள். முகடு முகடாகப் பிரிந்து, நடுவில் பள்ளத்தோடு, அந்தப் படத்தில் இருந்த மாதிரியே நின்றது மலை.

செல்வி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. "வா கண்ணு, டீச்சருங்க வந்துக்கீறாங்க பாரு" என்று அவள் அப்பா கெஞ்சினார். நீங்கள் அவளைக் கூப்பிடவே இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து வரைய ஆரம்பித்தீர்கள். கை பழக்கதோஷத்தில் ஊர்ப் பக்கத்து மலைக்கே போனது. அழித்தீர்கள். மறுபடியும் வரைந்தீர்கள். எப்போது வந்து நின்றாளோ தெரியாது, உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"அங்க ஒரு பள்ளம் இருக்குது டீச்சர். வுட்டுட்டீங்க."

"எங்கடி? எனக்குத் தெரியலியே."

"தோ, அங்க."

பென்சிலை அவளிடம் கொடுத்தீர்கள். உங்கள் படத்தில் அவள் அந்தப் பள்ளத்தை வரைந்தாள். அப்புறம் அவளுடைய பழைய படத்தைக் கேட்டு வாங்கி, சிவப்பு வரிக்குக் கீழே எழுதினீர்கள். 'பார்த்துத்தான் வரைந்திருக்கிறாள். பார்க்காமல் எழுதியது நான்.' கையெழுத்தும் போட்டீர்கள். அவள் அதை எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தாள். பிறகு மலையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். தன் கண்ணைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிள்ளை அவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் மட்டும், "கண்ணு டெஸ்டு எனக்குத்தான் பண்ணணும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள்.

அதன் பிறகுதான் நம் கூட்டம் ஒவ்வொரு மாதமும் ஒவ்வோர் ஊருக்குப் போனது. பிள்ளை நின்ற இடத்தில் நின்று பார்த்த பிறகுதான் படத்தில் கை வைக்கலாம் என்றாயிற்று. என் வகுப்பிலும் கரும்பலகையில் மலை வரைந்து காட்டுவதை விட்டுவிட்டேன். அதுவரைக்கும் இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் சூரியனை உதிக்க வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தானே! "உன் வீட்டு வாசல்ல இருந்து எப்படித் தெரியுதோ அப்படி வரை" என்றேன். "எங்க வீட்டுல இருந்து லாட்ஜுதான் மிஸ் தெரியும்" என்றாள் ஒருத்தி. லாட்ஜையே வரைந்தாள். மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துளியூண்டு மலை எட்டிப் பார்த்தது. அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் எத்தனை நாள் சிரித்தீர்கள்!

சரி, போன கூட்டத்துக்கு வருகிறேன். மறுபடியும் அதே தலைப்பில் போட்டி; எல்லா ஊர்ப் படங்களும் ஒன்றாக வந்ததால் உங்கள் டிராயிங் ஹாலிலேயே கூடினோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பையனின் படம். தாள் முழுக்க நெல் வயல், பெரிய டிராக்டர், ஓரத்தில் மணிலாக் கொட்டை அளவுக்கு நீலமாக ஒரு மலை. அதை ஒதுக்கி வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் குமரேசனேதான்! தலை வழுக்கையாகி, இப்போது அவரும் நம்மில் ஒரு சீனியர். "மலைதான தலைப்பு? இவ்ளோ கம்மியாவா வரையறது?" என்று படத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தப் பையனின் டீச்சர் எழுந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். ஆனால் தலை குனியவில்லை.

"எங்க ஸ்கூல்ல இருந்து அவ்ளோதான் சார் தெரியும். அவன் பாத்துதான் வரைஞ்சான். பஸ் இருக்குது, வாங்க, காட்டறேன்."

செல்வி, அக்கா. நம் செல்வி.

குமரேசன் கீழே வைத்த படத்தை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, நீங்கள் போனதிலிருந்து மூலையிலேயே இருந்த உங்கள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எல்லோரும் போனோம். வயலோரத்தில் அந்தப் பையனோடு நின்று பார்த்தோம். மலை அவ்வளவுதான் தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டைச் செல்விக்குக் கொடுத்தேன். உங்களுக்கு வருத்தமில்லையே? ஜன்னலோரம் அவள் தூங்கிவிட்டாள். நான் உங்களை நினைத்துக்கொண்டே வந்தேன். நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து மலை எப்படித் தெரிகிறது அக்கா? அங்கே பள்ளம் இருக்கிறதா? புகை எந்தப் பக்கம் சாய்கிறது?

ஒருநாள் நானும் வருவேன். அந்த இடத்தில் உங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அதுவரைக்கும் எந்தப் பிள்ளையின் மலையையும், அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் நின்று பார்க்காமல், தப்பு என்று சொல்லமாட்டேன். யாரையும் சொல்லவும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டுத் தங்கை
ரேவதி