நீ பெயர் வைத்த பெட்டி

மச்சான்,

இன்று காலை பட்டறை ஷட்டரைத் தூக்கிவிட்டு உன் மேஜைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளே இருக்கிற தூசி சூடேறி ஒரு வாடை வருமே, பழைய அயர்ன் பாக்ஸில் வருவது மாதிரி, அது வந்தது. நீ இருந்தவரைக்கும் சாம்பிராணி காட்டி அந்த வாடையை அமுக்கிவிடுவாய். நான் காட்டுவதில்லை. காட்டினால், "புகைய மூஞ்சிக்கு நேரா உடாத மாமே" என்று பின்னால் உன் குரல் கேட்டுவிடுமோ என்று ஒரு பயம்.

பயம் என்று நான் எழுதுவதைப் பார்த்தால் நீ சிரிப்பாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பிடிக்காத லாரிக்கு முன்னால் நின்று, ஒற்றைக் கையைக் காட்டி நிறுத்தியவன் நான். லாரி தூரத்தில்தானே வந்தது என்று நீ எப்போதும் குறுக்கே பேசுவாய். தூரமோ கிட்டமோ, நின்றதா இல்லையா?

அப்படிப்பட்டவன்தான் இன்று காலை மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த இடது பக்கத்தை உடனே பார்க்கத் துணியாமல் கொஞ்ச நேரம் கண்ணை ஓரம் கட்டினேன். வந்தது. பாதியில் நிற்குது. போய்ச் சேர்ந்தது. ஸ்கிராப்பு. எல்லா ஆபீசிலும் இன்பாக்ஸ், சென்ட் என்று இங்கிலீஷில் இருக்கிற மெயில் பெட்டிகளுக்கு இந்த ஒரு பட்டறையில் மட்டும் தமிழ்ப் பெயர். இந்தியாவிலேயே முதல் தடவை என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் மறுத்ததில்லை.

பெயர் வைத்த அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் பட்டறையில் பிராக்கெட் அடித்து, அட்டைப் பெட்டியில் போட்டு லாரி ஏற்றுகிற வேலை என்னுடையது, கம்ப்யூட்டர் உன்னுடையது. நீ வெளியே போன ஒரு நாள் நான் ஒரு கொட்டேஷனை அனுப்பிவிட்டதாக அடித்துச் சொன்னேன். அது அனுப்பப்படாமல் உள்ளேயே கிடந்தது.

"இன்னா மச்சான் இது, எல்லாப் பொட்டியும் ஒரே மாதிரி கீது. எது போச்சு, எது போவலன்னு எப்டித் தெரியும்?"

"எட்டாங்கிளாஸ்ல இங்கிலீஷ் வாத்தியாரு வர்ல, நீயும் போவல. நல்ல பொருத்தம்" என்றாய். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, நீயே பேரு சொல்லு. சரக்கு ஏத்தி உட்டப்புறம் பார்ட்டிக்குப் போன் போட்டு இன்னா கேப்பே?"

"போய்ச் சேந்துச்சான்னு கேப்பேன்."

வாயில் இருந்த டீ மூக்கு வழியாக வரும் அளவுக்கு நீ சிரித்தாய். அப்புறம் அதையே எழுதினாய். சும்மா எழுதவும் முடியவில்லை. "இதெல்லாம் கம்பெனி வெச்ச பேரு மாமே, லேசுல மாத்த உடாது. உள்ள பூந்துதான் மாத்தணும்" என்று எங்கெங்கோ நுழைந்து, மதியம் வரைக்கும் மல்லுக்கட்டி மாற்றினாய்.

அப்போதுதான் என் தங்கச்சி தன் புருஷனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தது. திரையைப் பார்த்ததும் கேரியரை டொக்கென்று வைத்தது.

"இன்னாண்ணே இது? செத்தவங்களுக்குச் சொல்ற வார்த்தைய எழுதி வெச்சிகினு கீறீங்க. ஊட்ல வெளிய கெளம்பசொல்ல 'போறேன்'னு கூடச் சொல்ல மாட்டோம், 'போய்ட்டு வரேன்'னுதான் சொல்வோம்."

"அப்போ 'போய்ட்டு வரும்'னு வெக்கட்டா? போன மெயிலெல்லாம் திரும்பி வந்தா தொழிலு படுத்துக்கும்டி" என்றாய் நீ. "பேருக்கு இன்னா பவரு கீது? அது சும்மா ஸ்டிக்கரு."

தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாம் இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்தபடி அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நீ கடைசியாக அனுப்பியது திருமுல்லைவாயில் பார்ட்டிக்கு. பட்டனைத் தட்டிவிட்டு, "போய்ச் சேந்துச்சு மாமே, டீ சொல்லு" என்றாய். நான் வாசலில் நின்று எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நீ நாற்காலியில் சாய்ந்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்துத் தோளைத் தட்டினேன்.

நெஞ்சடைப்பு என்றார் டாக்டர். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் மச்சான், அந்தப் பெட்டியைத் திறந்தால் முதல் வரியில் உன் கடைசி மெயில் நின்றது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் அந்தப் பெயர். அன்றிலிருந்து போன மாதம் வரைக்கும் நான் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மெயில்கூட அனுப்பவில்லை. வருவதைப் படிப்பேன், பதிலைப் போனில் சொல்லிவிடுவேன். கேட்டவர்களிடம், "மெயில்ல திருடன் பூந்துடறான், நமக்குப் போன்தான் சேஃப்டி" என்று ஒரு போடு போட்டேன். பக்கத்துப் பட்டறைக்காரரும் நம்பிவிட்டு மெயிலை நிறுத்திவிட்டார். இங்கே என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு.

இப்போது போன மாதக் கதைக்கு வருகிறேன். உன் மகள் தேன்மொழிக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்த சமயம். பிரஷர் திடீரென்று ஏறிவிட்டது என்று பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருமகன் வேலை விஷயமாக வெளியூர் போனவன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். தங்கச்சி மட்டும் கூட இருந்தது. பட்டறைக்குப் போன் வந்தது.

"அண்ணே, வவுத்தக் கிழிச்சுத்தான் எடுக்கணுமாம். சின்ன வயசுல அவளுக்கு நெஞ்சுல பண்ணாங்களே ஆபரேசன், அந்த ரிப்போட்ட பாக்காம மயக்க மருந்து குடுக்க மாட்டாங்களாம். காயிதமெல்லாம் வெள்ளத்துல போச்சு. அவரு மெயில்ல எங்கியோ வெச்சிருக்கேன்னு சொன்னாரு. பாருண்ணே."

பார்த்தேன். 'வந்தது' பெட்டியில் நீ உனக்கே அனுப்பி வைத்திருந்தாய். போனில் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றேன். எழுத்து மங்கும், ஆஸ்பத்திரி மெயிலுக்கே அனுப்புங்கள், தலைப்பில் பேஷண்ட் பெயரைப் போடுங்கள் என்று அங்கிருந்த பெண் சொல்லிவிட்டாள்.

தேன்மொழி என்று அடித்தேன். அடித்த பிறகுதான் உறைத்தது. பட்டனைத் தட்டினால் இந்தப் பெயர் நேராக அங்கே போய் உட்காரும். போய்ச் சேர்ந்தது: தேன்மொழி. அதற்கு அடுத்த வரியில் நீ.

கையைச் சட்டையில் துடைத்தேன் மச்சான். அப்படியும் மவுஸ் வழுக்கியது. ஸ்டிக்கர்தான், ஸ்டிக்கர்தான் என்று நீ சொன்னதையே வாய்விட்டுச் சொன்னேன். வாய் கேட்டது, விரல் கேட்கவில்லை. பெயரை மாற்றிவிடலாம் என்று அந்தப் பெட்டி மேல் வைத்து மவுஸின் வலது பக்கப் பட்டனை அழுத்தினேன். பெயர் மாற்றுகிற வரி மட்டும் மங்கிக் கிடந்தது. எத்தனை தட்டினாலும் அசையவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பாபுவுக்குப் போன் போட்டேன்.

"அது டீஃபால்ட் ஃபோல்டர் அண்ணாத்தே, பேரு மாத்த உடாது. அவரு எப்டி மாத்னாருன்னே எனுக்குத் தெர்ல. இப்போ திருநின்றவூர்ல கீறேன், சாயங்காலமா வந்து பாக்கட்டா?"

"சாயங்காலம் வரிக்கும் கொயந்த காத்துகினு இருக்குமாடா?"

"எந்தக் கொயந்த?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

மறுபடி தங்கச்சி. "அண்ணே, அனுப்பிட்டியா? உள்ள இட்டுகினு போய்ட்டாங்கண்ணே. ரிப்போட்டு ரிப்போட்டுன்னு நர்ஸு கத்துது." அழுகை முட்டும் குரல். அது ஒன்றைத்தான் நான் தாங்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அனுப்பாமல் இருந்தாலும் ஆபத்து, அனுப்பினாலும் பயம். வாசலைப் பார்த்தேன், உன் நாற்காலியைப் பார்த்தேன். யாரும் இல்லை. தலைப்பில் இருந்த தேன்மொழியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். அந்த இடத்தில் இனிஷியலோடு என் பெயரை அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"சார், பிரசவ வார்டுக்கு ஆம்பள பேர்ல மெயில் வந்திருக்கு. பேஷண்ட் யாரு சார், நீங்களா?"

"உள்ள தொறந்து பாரும்மா. ரிப்போட்டு பூரா அந்தப் பொண்ணு பேர்லதான் கீது. வெளிய இருக்கறது சும்மா ஸ்டிக்கரு."

சிரித்தாள் என்று நினைக்கிறேன். "சரி சார், பேரு, வயசு எல்லாம் சரியா இருக்கு. டாக்டர் கிட்ட காட்டிட்டேன்" என்றாள்.

பெண் குழந்தை மச்சான். உன் மூக்கு. தேன்மொழி நன்றாக இருக்கிறாள். பெரிய டாக்டரே என் கையைப் பிடித்து, நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டால்தான் இரண்டு உயிர் பிழைத்தது என்று சொன்னதாக எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்கு அர்த்தம் அதுதான்.

தலைப்பை மாற்றியது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தங்கச்சிக்குச் சொன்னால் உடனே திருமுல்லைவாயில் கோயிலுக்கு ஓடும். பாபு அன்று சாயங்காலமே வந்தான். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் பழைய இங்கிலீஷ் பெயர் வந்துவிடும் என்றான். நீ வைத்த பெயர்களும் போய்விடுமே என்று வேண்டாம் என்றேன். ஆகவே என் பெயர் அங்கேயே இருக்கிறது, உன் வரிக்கு மேலே. அதை அழித்தால் ஸ்கிராப்புக்குப் போகும். என்னை நானே ஸ்கிராப்பில் போடவும் மனசு வரவில்லை. தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். அதில் நான் இருக்கிறேன். உடனே என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறேன். இதுவரைக்கும் இங்கேயும் இருக்கிறேன். படி ஏறும்போது நெஞ்சு லேசாகப் படபடத்தால்கூட அந்தப் பெட்டிதான் கண் முன்னால் வருகிறது.

ஒன்று சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். உன்னை எடுத்துப் போன அன்று, சுடுகாட்டு வாசலில் ஊர் ஜனம் பார்க்க, "பின்னாடியே நானும் வரேன் மச்சான்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேன். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வாய் நீளும், உனக்குத் தெரியாததா? அதைப் பிடித்துக்கொண்டு உட்காராதே. குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. தூக்கினால் என் மீசையைத்தான் பார்க்கிறது. அது வளர்ந்து, வாய் திறந்து என்னை 'தாத்தா' என்று ஒரு தடவை கூப்பிடட்டும். அதுவரைக்கும் நீ கூப்பிடாதே.