உங்கள் விடுதலைக் கடிதம் என் வீட்டில் இருந்தது

அண்ணை,

இன்று காலை அந்தப் பழுப்பு உறையைப் பிரித்தேன். அலுமாரியின் அடித்தட்டில் பிள்ளைகளின் சான்றிதழ்களுக்குக் கீழே கிடந்ததால் பூச்சியுருண்டை மணம் அதில் ஊறிப் போயிருந்தது. உள்ளே ஒரேயொரு தாள். அமெரிக்க இராணுவம் உங்களைச் சேவையிலிருந்து விடுவித்துவிட்டது, உங்கள்மேல் வழக்கு எதுவும் இல்லை, நீங்கள் ஊருக்குத் திரும்பலாம். அவ்வளவுதான். தேதியைப் பார்த்தேன். என் மூத்தவள் பிறந்த வருடம். அவளுக்கே இப்போது நரை எட்டிப் பார்க்கிறது. உங்களை மண்ணில் வைத்து மூன்று வாரம் ஆகிறது.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில்தான் நாம் பழகினோம். ஜெர்மனியில் அகதி விண்ணப்பக்காரியான நான் கெல்சென்கிர்ச்சன் நகர எல்லையைத் தாண்டக்கூடாது. நீங்களோ அமெரிக்கச் சிப்பாயாக இருந்து, வியட்நாம் போருக்குப் போகச் சொன்ன அன்று பிராங்பேர்ட் பக்கத்து இராணுவ முகாமிலிருந்து வெளியே நடந்தவர். சுவீடனில் ஒளிந்திருந்து, பிறகு அமெரிக்க முகாம் இல்லாத ஊராகத் தேடி இங்கே வந்தவர். எசன் நகரத்துக்குப் போகும் டிராமில் எல்லைக்கு முந்திய நிறுத்தத்தில் நான் இறங்குவேன். நீங்களும் கூடவே இறங்குவீர்கள். உங்களை யார் இறங்கச் சொன்னது என்று கேட்டால், "பழகிப் போச்சு" என்பீர்கள். பேசியது ஜெர்மன்தான். எனக்கு எந்த மொழியும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் உள்ளே போகும், என்ன செய்ய.

இளவயதில் நீங்கள் பயமறியாதவர். அமெரிக்காவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக்கடையில் கறுப்பு மாணவர்கள் நான்கு பேராகப் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதல் தேவாலயத்தின் நிலவறையில் ஒத்திகை நடக்குமாம். உங்கள் நண்பர்களே வெள்ளையர்களாக நடித்து உங்கள் தலையில் சீனியைக் கொட்டுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், தாயைச் சொல்லித் திட்டுவார்கள். கோபப்பட்டவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின், விசாரணைக்கு வரச்சொல்லும் நாள், வந்தபோது அந்த ஒத்திகையை எனக்கும் வைத்தீர்கள். துணிக்குவியலுக்கு நடுவே கதிரை போட்டு என்னை இருத்தி, மேசையில் அடித்தீர்கள். "நீ பொய் சொல்லுறாய்! எழும்பிப் போ!" முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். மூன்றாம் நாள் அசையாமல் இருந்தேன். அலுவலகத்திலும் அந்த மனுசன் கத்தினான். நான் எழும்பவில்லை. தங்கும் அனுமதியை மூன்று மாதம் நீட்டி முத்திரை குத்தினான். அன்றைக்கு நீங்கள் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள்தான் அமெரிக்க இராணுவ முத்திரையோடு அந்த உறை வந்தபோது பயந்துபோய் என் வீட்டு வாசலில் நின்றீர்கள். "இது தூண்டில். பிரிச்சால் நான் அகப்பட்டன். நீர் வைச்சிரும், எனக்குக் காட்டவேண்டாம்." என் கணவர் உள்ளேயிருந்து, "பிரிச்சுப் பாக்கச் சொல்லும். என்னெண்டாலும் தெரிஞ்சிருக்கிறது நல்லதெல்லே?" என்றார். "உங்களுக்கு ஒண்டும் விளங்காது, சும்மா இருங்கோ" என்று அவர்மேல் பாய்ந்தேன். என் பெயருக்கு வந்த அலுவலகக் கடிதங்களை நானும் நாட்கணக்கில் குளிர்சாதனப் பெட்டியின்மேல் போட்டுவைத்து, பிரிக்காமல் சுற்றிச் சுற்றி வந்தவள். உங்கள் பயம் எனக்குப் புரிந்தது. அந்தப் புரிதல்தான் உங்களைக் கவிழ்த்தது, அண்ணை. வேறு யாராவது என்றால் அங்கேயே கிழித்து வாசித்திருப்பார்கள்.

ஒருமுறை முயன்று பார்த்தேன். உங்களைக் கதிரையில் இருத்தி, நான் விமானநிலைய அதிகாரியாக நின்றேன். கத்தவில்லை. "பேர் என்ன?" என்று மட்டும்தான் கேட்டேன். நீங்கள் எழுந்து போய் சலவை இயந்திரத்தில் துணி போடத் தொடங்கினீர்கள். "இது எனக்கு ஏலாது" என்றீர்கள். அதற்குப் பிறகு ஏழு வருடம் உங்கள் அம்மா உயிரோடு இருந்தார். அவர் இறந்த செய்தி வந்தபோதும் நீங்கள் போகவில்லை, நான் உறையை எடுக்கவுமில்லை. பிறகு நான் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கி ஊரெல்லாம் சுற்றினேன். நீங்கள் எல்லைக்கு முந்திய நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் வருகிறது. என்மேல் அதைவிட வருகிறது.

மத்தியானம் அமெரிக்காவுக்கு உங்கள் தங்கையை அழைத்தேன். உறையைப் பற்றிச் சொல்லிவிடத்தான் அழைத்தேன். நான் வாயெடுக்க முதல் அவரே தொடங்கிவிட்டார்.

"அம்மா அந்த விடுதலைக் கடிதத்துக்காக எத்தினை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினவ தெரியுமோ? கடைசியிலே அனுப்பிவிட்டம் எண்டு சொன்னவங்கள். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அண்ணனுக்கும் சேர்த்து மேசையிலே சாப்பாட்டுக் கோப்பை வைப்பா. அவன் வேணுமெண்டுதான் வரேல்லை எண்டு நினைச்சே செத்துப்போனா. நீங்கள் சொல்லுங்கோ, அவனுக்கு அந்தக் கடிதம் கிடைச்சதோ?"

தாள் என் மடியில் விரிந்து கிடந்தது.

"கிடைக்கேல்லை" என்றேன்.

நெடுநேரம் அழுதார். பிறகு, "அப்ப அவன் அம்மாவை மறக்கேல்லை. நல்லவேளை நீங்கள் சொன்னீங்கள்" என்றார். நன்றி வேறு சொன்னார். இனி ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் என்னை அழைப்பாராம்.